காய்ச்சல் என்று சொன்ன சாவு

அவர் லிஃப்ட் மெக்கானிக். தொழில் எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும், "ஏத்த இறக்கமாத்தான் போகுது" என்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஜோக். மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். பதினைந்து வயதில் அந்தச் சிரிப்பு நின்றது. பிறகு சாப்பாடு குறைந்தது, பள்ளிக்கூடமும் நின்றது.

மனைவி பிடிவாதம் பிடித்து மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை எழுதும் முன் டாக்டர் கேட்டார்: "குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? சில மாத்திரை இதயத் துடிப்பை மாத்தும், அதான் கேக்கறேன்."

"அப்படி யாரும் இல்லீங்க," என்றார் மெக்கானிக்.

இருந்தாள். அவருடைய தங்கை. பதினேழு வயதில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நின்ற இடத்திலேயே சரிந்தாள். முந்தின நாள்தான் ஒரு பையனோடு பேசினாள் என்று வீட்டில் ரகளை நடந்திருந்தது. எதையோ குடித்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவுகட்டி, காதும் காதும் வைத்தாற்போல் அடக்கத்தை முடித்துவிட்டார்கள். மனைவியிடம்கூடக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார். மகள் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கதையை எப்படி எடுப்பது?

மாத்திரை வேலை செய்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அளவைக் கூட்டிய பிறகு ஒருநாள் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த இதய டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மனைவி, "யாருமில்ல டாக்டர்" என்று தொடங்கினாள்.

"இருந்தா," என்றார் அவர். தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் கோபப்படவில்லை. "நிறையப் பிள்ளைங்களுக்கு இந்த மாத்திரையால ஒண்ணும் ஆகாது. இவளுக்குப் பிறவியிலேயே துடிப்புல கோளாறு இருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மொதல்லயே ஈசிஜி எடுத்திருப்பாங்க, வேற மாத்திரை குடுத்திருப்பாங்க." கொஞ்சம் யோசித்து, "உங்க தங்கச்சிக்கும் இதே கோளாறா இருந்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாது," என்றார்.

அவர் கூனிக் குறுகிப்போனார். மகளை ஆபத்தில் தள்ளியது ஒரு பக்கம். செத்தவளின் பேச்சை எடுக்கவே இத்தனை வருடம் கூசினாரே, அது இன்னொரு பக்கம். மனைவி கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்டகூடக் காய்ச்சல்னுதானே சொன்னீங்க?"

மனச்சோர்வுக்கு வேறு மாத்திரை, இதயத்துக்குத் தனி மாத்திரை என்று மாற்றினார்கள். ரத்த சொந்தங்கள் எல்லோரும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் தாழ்வாரத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நம்ம தங்கச்சி எதையும் குடிக்கல போல. நெஞ்சுலதான் ஏதோ இருந்திருக்கு."

அண்ணன் சொன்னார்: "அவ போட்டோவெல்லாம் நான்தான்டா கிழிச்சுப்போட்டேன்."

உள்ளே வந்தபோது மகள் விழித்திருந்தாள்; போன் பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது. "அத்தை பாக்க எப்படிப்பா இருப்பாங்க?"

அவருக்குச் சட்டென்று முகம் நினைவுக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உசரமா இருப்பா," என்று ஆரம்பித்தார்.