காஜா பெராங்கில் ஒரு ஸ்காட்லாந்து ஆட்டம்

ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போகிற வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்கே கெய்லி என்று ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றும் தெரியாதவன் போனால் மானம் போகுமா?" போகும். ஆனாலும் போங்கள். நான் ஸ்காட்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை, அந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறேன். இதே மலாக்காவில், காஜா பெராங்கில், மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் என் வீட்டுக்காரர் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. நல்ல மனிதர், குறை ஒன்றுதான். வெளியே கிளம்பினால் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடப்பார். யாராவது எதிரே வந்தால் அது இருபதடி ஆகிவிடும். நாலு பேர் பார்க்க ஒரு தடவையாவது அவர் என் கையைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் கேட்டு அவர் பிடித்தால் அதில் என்ன இருக்கிறது? தானாகப் பிடிக்க வேண்டும்.

தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். வருடா வருடம் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் ஊர் ஆட்டம் ஆடுவார். அதற்கு எட்டுப் பேர் வேண்டும், நான்கு ஜோடி. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பலர் கப்பலேறிவிட்டதால் இரண்டு ஜோடிதான் மிச்சம். அதனால் எங்களையும், தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நாயரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டார். இவர் வந்து சொன்னபோது காய்ச்சல் கண்ட முகம்.

"நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

"துரை கூப்பிட்டாரு, போகாம முடியுமா? ஓரமா உட்கார்ந்து கேக் சாப்பிட்டுட்டு வந்துடலாம்லா."

ஜோடி ஆட்டம் என்றால் கையைப் பிடித்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மைல் செம்மண் பாதை. நடந்தோம், வழக்கம்போல் அவர் முன்னால். இரண்டரை மணி பஸ், ஐந்து மைல், ஆளுக்கு முப்பது காசு. காஜா பெராங்கில் இறங்கினால் வழி தெரியவில்லை. மலாய்க்காரப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிய ஓர் அம்மாள் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். இவர் தமிழில் வழி கேட்க, அவர் சிரித்துக்கொண்டே "மோ பி மானா?" என்றார், எங்கே போகணும் என்று. மலாக்காச் செட்டி அம்மாள். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். இவர் மலாயில் சொன்னதும் வழி காட்டினார். பிறகு தூரத்தில் நின்ற என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து, "லாக்கி?" என்று என்னிடம் கேட்டார். உன் புருஷனா என்று. அந்தச் சந்தேகம் வந்ததில் அவர்மேல் தப்பே இல்லை.

ஆட்டம் துரையின் சிநேகிதர் வீட்டில், நாலு மணிக்கு. மேசை நாற்காலியை ஓரம் கட்டி, பலகைத் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். உஜோங் பாசிரிலிருந்து ஒரு மலாக்காப் போர்த்துகீசியர் பிடில் வாசிக்க வந்திருந்தார். துரை தன் ஊர் வழக்கப்படி கட்டம் போட்ட பாவாடையில் நின்றார். என் வீட்டுக்காரர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

ஜோடி சேர்ந்து நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்து இவரைப் பார்த்தேன். இவர் நேரே போய் நாயருக்குப் பக்கத்தில் நின்றார். நாயரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் வழக்கம் அதுதானே? கும்மி என்றால் பெண்களோடு பெண்கள். கல்யாண வீட்டில் உட்காருவதுகூட ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். துரைசானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"கிராணி, நாயர் உன் பெஞ்சாதியா? உன் பெஞ்சாதிகிட்ட போ. கையைப் பிடி."

"சரிங்க துரை."

பிடித்தார், ஆபீசில் பேனாவைப் பிடிக்கிற மாதிரி. இத்தனை நாள் ஆசைப்பட்ட கை, துரை உத்தரவில் கிடைத்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம். "இதுக்கும் ஆர்டர் வேணுமாக்கும்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

எட்டுப் பேரும் கை கோத்து வட்டமாக இடப்பக்கம் ஓடி, திரும்ப வலப்பக்கம் ஓட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக நடுவில் நிற்க, மற்றவர்கள் சுற்றி ஓடுவார்கள். நடுவில் இருப்பவர் தன் ஜோடிக்கு முன் ஆடி, கை கோத்துச் சுற்ற வேண்டும். அப்புறம் எதிரில் இருப்பவரோடும் அப்படியே. நான் முதலிலேயே தப்பான பக்கம் ஓடித் துரைமேல் முட்டினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு ஆட்டம் பிடித்துப்போனது.

இவர் முறை வந்தபோது நடுவில் நின்று முழித்தார். பிடில் ஓடிக்கொண்டிருக்கிறது. துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சுற்றும்போது வெள்ளைக்காரர்கள் போடுவது போலவே ஒரு கூவல் வேறு போட்டார். நாயர் பயந்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டத்தில் எல்லாரும் எல்லார் கையையும்தானே பிடிக்கிறார்கள்?

ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். கேட்டைத் தாண்டியதும் அவர் முன்னால் போகட்டும் என்று நான் நின்றேன். அவரும் நின்றார்.

"என்னங்க, பஸ்ஸு போயிடும்" என்றேன்.

"சேர்ந்தே போலாம்" என்று என் கையைப் பிடித்தார். துரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அந்தச் செட்டி அம்மாள் தன் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது நான் புக்கிட் காதிலில் இருக்கிறேன். இங்கிருந்து காஜா பெராங்குக்குக் காரில் பதினைந்து நிமிடம்தான், ஆனால் அந்த வீடு இல்லை. ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகி ஊசி குத்துங்கள். செருப்புக்குப் பின்வார் இருக்கட்டும். தப்பாக ஆடினால் நின்றுவிடாதீர்கள், நின்றால்தான் மற்றவர்கள் மோதுவார்கள். இன்னொன்று, ஜோடியாகப் போகிறவர்கள் திரும்பும் பஸ்ஸுக்குச் சில்லறையை மனைவியின் பையிலும் கொஞ்சம் போட்டு வையுங்கள். அன்று கண்டக்டருக்கு அறுபது காசை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் சில்லறை வலப்பக்கப் பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய கை என் கையைப் பிடித்திருந்தது, குருபோங் வரும்வரை அவர் விடவில்லை.