நாலு ஜோடி

எட்வேட்டுக்கு அன்று காய்ச்சல் இல்லை. காய்ச்சல் என்று காலை ஆறரைக்கு வேலையிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். வீட்டில் மனைவி அனஸ்ரேசியாவிடமோ வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒஸ்லோ நகரத்து ஓரத்தில் இருக்கும் புருசெத்தில் ரயில் ஏறும்போதே அந்த இரண்டு பொய்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒருநாள்கூடப் பொய்ச் சுகவீனம் சொன்னதில்லை. இந்த நாட்டில் மூன்று நாள்வரைக்கும் வைத்தியர் துண்டு கேட்கமாட்டார்கள், சொல்லுகிறவனை அப்படியே நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கைதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. போதாததற்கு, சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கும் யதுர்ஷா அவருடைய சிநேகிதர் ஜெயரத்தினத்தின் மகள். ஆறு வயதிலிருந்து அவரை அங்கிள் என்று கூப்பிடுகிறவள். இந்தச் சனிக்கிழமைக்கு லீவு கேட்டபோது, ஆளில்லை அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அவர் வந்திருந்தது நகர மத்தியில் நடந்த போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கு. நூற்றுப் பதினேழு பேர். கடைசிப் பத்துப் பேரின் ஆட்டம் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகும் என்பதை அங்கே போன பிறகுதான் சுவரில் படித்தார். உடனே எழுந்து வந்திருக்கலாம். யார் கையைப் பிடித்தது? ஆனால் சீட்டுக் கடதாசி கைக்கு வந்துவிட்டால் மனிதரின் கால் அசையாது. பத்துப் பேருக்குள் வர நானென்ன பெரிய ஆளா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

உண்மையும் அதுதான். மன்னாரில் தொடங்கி புருசெத் வரைக்கும் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிப் பழகிய கை அது. அந்த ஆட்டத்தில் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது, ஏஸ்கூட அதற்குப் பிறகுதான். ஆறும் அதற்குக் கீழ்ப்பட்டதும் ஆட்டத்திலேயே இல்லை, கட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். போக்கரின் வரிசை வேறு என்பது எட்வேட்டின் மண்டைக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது.

காலையில் அவருக்கு இரண்டு ஒன்பது வந்தது. மேசையில் ராணியும் ராசாவும் விழுந்த பிறகும் அவற்றை எறிய மனம் வரவில்லை, பாதிப் பந்தயச் சில்லுகள் போயின. பிறகு இரண்டு ஐந்து வந்தது. மலிவாக நின்று மூன்றாவது ஐந்து விழுகிறதா என்று பார்க்க வேண்டிய கை. அவரோ குப்பையென்று வீசினார். அதன்பின் பயத்தில் எதற்குமே கை நீட்டவில்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் விழுத்திக்கொண்டார்கள். மூன்று மணிக்குப் பார்த்தால் பதினொரு பேர் மிச்சம், அதில் இவரும் ஒருவர்.

இன்னும் ஒருவர் விழுந்தால் கமரா. ஒஸ்லோத் தமிழர் வட்டம் எவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரியும். ஒருவர் பார்த்தால் போதும், மாலைக்குள் கோயில் வாசல்வரை போய்விடும்.

அப்போது அவருக்கு இரண்டு நாலு வந்தது. நாலு! கட்டிலேயே இல்லாத கடதாசி. இதோடு தோற்று மரியாதையாக வீட்டுக்குப் போகலாம் என்று இருந்த சில்லுகளையெல்லாம் நடுவில் தள்ளினார். எதிரே தொப்பி போட்ட இளைஞன் தன்னிடம் இருந்ததையும் தள்ளிக் கடதாசியைத் திருப்பினான். ஏஸும் ராசாவும். எட்வேட்டுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

மேசையில் ஐந்து கடதாசி விழுந்தது. ஏஸும் இல்லை, ராசாவும் இல்லை. ஜோடி இல்லாத ஏஸையும் ராசாவையும் இரண்டு நாலு சேர்ந்த நாலு ஜோடி வெல்லும் என்பது அப்போதுதான் அவர் கைக்கு உறைத்தது. இளைஞனிடம் இவரைவிடச் சில்லுகள் குறைவு, எல்லாம் போய்விட்டது. அவன் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போனான். பத்துப் பேரையும் கமரா மேசைக்கு வரச் சொன்னார்கள்.

தொலைபேசி அடித்தது. யதுர்ஷா.

“அங்கிள், நித்திரையை எழுப்பிப்போட்டனோ? உங்கடை வேலையையும் நான்தான் பாக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ. நாலு மணிக்கு வேலை முடிய அப்பாவோடை கஞ்சி கொண்டு வாறன்.”

கஞ்சியோடு இவள் வீட்டு வாசலில் போய் நிற்க, அனஸ்ரேசியா கதவைத் திறப்பாள். வேண்டாம், எனக்குத் தொற்றும் நோய் என்று இன்னொரு பொய் நுனிநாக்குவரை வந்துவிட்டது. இரண்டு ஆள் வேலையைத் தனியே செய்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“பிள்ளை, வர வேண்டாம். எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் கடதாசி விளையாட வந்தனான்.”

அந்தப் பக்கம் பானை கழுவிக்கொண்டிருந்த தண்ணீரை அவள் மூடும் சத்தம் கேட்டது.

“திங்கக்கிழமை வாங்கோ. கதைப்பம்.”

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அங்கிள் என்ற சொல்லும் இல்லை.

எட்வேட் போய்க் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் கை வந்தது. காலையில் எறிய மனம் வராத அதே இரண்டு ஒன்பது. பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கவிழ்த்து நடுவில் எறிந்தார். இனிக் கமராவில் யார் பார்த்தாலும் அவருக்கு ஒன்றுதான். திங்கட்கிழமை யதுர்ஷா தன்னை என்னவென்று கூப்பிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.