தொண்டூர் சூசையும் மூன்று தைலங்களும்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவதைவிட, வருகிறவர்களின் மூக்கைத் திருப்திப்படுத்துவதுதான் பெரும்பாடு. வாசனை இல்லாத மருந்தை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. அதில் அர்த்தமும் உண்டு. தைலங்களில் மணக்கிற சரக்குதான் கிருமியையும் கொல்கிறது என்பார் எங்கள் டாக்டர். அறுபதுகளில் செஞ்சியில் அவரிடம் வேலை பார்த்து நான் பட்ட பாட்டை, என்னைப் போல் சீசாவுக்குச் சீட்டு ஒட்டிக் காலம் தள்ளியவர்கள் நம்புவீர்கள்.

கிராம்புத் தைலம்

தொண்டூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் சூசை பல்வலியோடு வந்தார். வாய் ஓயாத மனுஷர். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுச் சொத்தையில் வைக்கச் சொன்னேன். அதில் யூஜினால் என்று ஒரு சரக்கு. வலியை மரத்துப்போகச் செய்யும், கிருமியைக் கொல்லும், அளவு மீறினால் சதையைச் சுட்டுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை நான் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஓடிவிட்டார்.

மறுநாள் ஈறெல்லாம் வெந்துபோய் வந்து நின்றார். சீசாவையே வாயில் கவிழ்த்திருக்கிறார். பாதித் தப்பு என்னுடையது. அவரோ சிரித்தார்.

"பல்லு வலி போயிடுச்சி கம்பவுண்டரே. வாய்தான் எங்க இருக்குதுன்னு தெரியல."

டர்ப்பன்டைன்

அடுத்த மழைக்காலத்தில் அவர் மனைவி லூர்து மட்டும் வந்தார். மண்வெட்டி பட்டு சூசையின் கால் புண்ணாகி, அழுகி, புழு வைத்துவிட்டதாம். பிள்ளைகள் மூக்கைப் பொத்தியதைப் பார்த்த சூசை, மல்லாட்டைக் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்கே போய்ப் படுத்துக்கொண்டாராம். விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் லூர்து அவரை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். வாய் ஓயாதவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. டர்ப்பன்டைனில் நனைத்த துணியைப் புண்ணில் வைத்தேன். பைன் மரத்துப் பிசினிலிருந்து வடிக்கிற எண்ணெய் அது. அதன் காரநெடி பொறுக்காமல் புழுக்கள் வெளியே வர, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தள்ளி நின்னு எடுங்க கம்பவுண்டரே, நாத்தம் அடிக்குது."

யூகலிப்டஸ் தைலம்

பென்சிலின் ஊசியும் தினமும் கட்டுமாக, கால் பிழைத்தது. புண் ஆறித் தழும்பும் விழுந்தது. ஆனால் சூசை கொட்டகையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை. கட்டு மாற்றும்போது நாற்றம் தெரியாமலிருக்க நான் யூகலிப்டஸ் தைலம் தெளிப்பேன். அதையே வாரம் ஒரு சீசா வாங்கி உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். "இதுவும் கிருமியைக் கொல்லும்தான். உன் காலில் கொல்ல ஒரு கிருமியும் மிச்சமில்லையே!" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். சூசை தன் கையை முகர்ந்து பார்த்தாரே தவிர, நம்பவில்லை.

ஒருநாள் லூர்துவும் கூட வந்தார். நான் எடுத்து வைத்த சீசாவை என் பக்கமே தள்ளினார்.

"புண்ணு ஆறி மூணு மாசம் ஆவுது சார். பசங்க கொல்லைக்கு ஓடிப் போயி, நைனா வாசனயே வரலன்னு அழுவுதுங்க. இத இனிமே இவருக்குக் குடுக்காதீங்க."

சூசை அன்றே வீட்டுக்குத் திரும்பினார். கம்பவுண்டராக நான் தீர்த்துவைத்த பெரிய வியாதி, மருந்து கொடுக்காமல் தீர்த்த அந்த ஒன்றுதான்.