சிவந்த காப்புக் கயிறு

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் வெடித்துவிட்டதாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஒரு கீறல்கூட இல்லை. அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நான்தான் அவள் கண்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கையில் எங்கள் வேதியியல் சாரின் நினைவு வருகிறது.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், பதினாறு வயதில் நான் நான்காம் படிவம் படித்த சமயம். அன்று பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். அவர் பிழைத்தால் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். விடிந்ததும் கோயிலில் என் மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு கட்டச் செய்து, அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கயிற்றுக்கு ஏதாவது ஆனால் அப்பாவுக்கும் ஆகும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

வேதிவினை வகைகள் பாடம். மற்றவர்கள் மெக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்து எரித்தார்கள். சார் என் கயிற்றின் தொங்கும் நுனியைப் பார்த்தார்.

"நெருப்புப் பக்கம் வராதே தம்பி. நீ இதைச் செய்" என்று ஓர் இரும்பாணியையும் நீல நிறக் கரைசலையும் தந்தார். ஆணி மெல்லச் செம்பு நிறமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

"சாமிக்கு அடுப்புப் பக்கம் இடமில்லை லா" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

சோதனை முடிந்ததும் எல்லாரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சார் அதில் யாரையும் விடமாட்டார். கழுவினேன். மஞ்சள் கயிறு இரத்தம்போல் சிவந்தது. அப்பா போய்விட்டார் என்றே நினைத்துத் தொட்டியருகில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் வந்தார். "என்னாச்சு?"

கையை நீட்டினேன். "அப்பாவுக்கு ஆபரேஷன் சார், இன்னிக்கு."

கேண்டீனிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வரவழைத்து, கயிற்றின்மேல் அவரே பிழிந்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது.

"சரியாப் போச்சு, பார். இந்தக் கையில சவுக்காரம் போடாதே. தண்ணி போதும்."

அப்பா பிழைத்தார். சார் எலுமிச்சம்பழத்தால் திருஷ்டி கழித்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். "முஸ்லிம் சாரா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அம்மாவும் நம்பினார்.

அடுத்த வாரம் அமிலமும் காரமும். பக்கத்து மேசைக்காரன் எழுந்து, "சார், மஞ்சள்கூட கலர் மாறுமாமே, எங்க அக்கா சொன்னாங்க" என்றான்.

தைப்பூசம் இன்னும் வரவில்லை. கயிறு என் கையில்தான் இருந்தது. சார் என் பக்கம் திரும்பவேயில்லை.

"புத்தகத்துல லிட்மஸ் தாள்தான் இருக்கு. அதை எழுது."

மார்க்கெட் தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர் சார், மஞ்சளைப் பற்றி இதுகூடத் தெரியவில்லையே என்று அன்று அவருக்காக எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.