ரியோவில் நான் தொடாத இனிப்பு

முதலில் ஒரு விடுகதை. தலை நிறைய இறகு, பறவை இல்லை. முகமெல்லாம் மினுக்கம், மீன் இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு, நொண்டி இல்லை. வாய் நிறைய இனிப்பு, ஆனால் அன்றைக்கு விரதம். அது யார்?

உடனே விடை சொல்ல வேண்டாம். மேலே உள்ள படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை நடத்துகிறேன். விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போடுவதுதான் எங்கள் வழக்கம். இந்த வேலையில் பாராட்டு மெதுவாக வரும், பிழை விட்டால் கடிதம் வேகமாக வரும். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவர்களும், பிள்ளைக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட எல்லாப் பெற்றோரும் என் கஷ்டத்தை விளங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

முன்கூட்டியே பொங்கும் பானை

சிறுவர் பக்கம் எப்போதும் நாட்காட்டிக்கு முன்னால் ஓடும். டிசம்பரில் வைத்த நத்தார் மரத்தைக் கழற்றும் முன்னரே எங்கள் பக்கத்தில் பொங்கல் பொங்கி வழிந்துவிடும். பக்கத்தை வடிவமைக்கும் தம்பி குகனிடம் பத்து நாள் முன்னதாக எழுத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், நான் இன்னும் செய்யாததைச் செய்ததாக எழுதிப் பழகிவிட்டேன். எழுதிய பிறகு எப்படியும் செய்துவிடுவேன். அதனால் அது பொய் என்று தோன்றியதே இல்லை.

இந்த முறை சிவராத்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று ஒரு நாள், தங்களுக்குப் பிடித்த ஒன்றை விட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். அதே நேரத்தில் எனக்கு ஒரு பயணமும் வாய்த்தது. என் கணவரின் தங்கை சறோ, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பிரேசிலில் ரியோ நகரத்துக் கார்னிவல் திருவிழா பார்க்க அவளோடு போகவிருந்த தோழிக்குக் கால் முறிந்தது. அவளுக்குப் பதிலாக நான் போனேன். புறப்படும் முன் இரண்டு பக்கங்களைக் குகனிடம் கொடுத்தேன். ஒன்று சிவராத்திரிக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்கு, மற்றது பிந்திய வெள்ளிக்கிழமைக்கு. பிந்தியதில் இப்படி ஒரு வரி: "போன ஞாயிற்றுக்கிழமை நானும் இனிப்பைத் தொடவில்லை. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது." குகன் அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நடக்கப்போறதை நடந்ததாய் எழுதுறதிலை உங்களை வெல்ல ஆளில்லை, அன்ரி."

மாதுமையின் கடிதம்

இனிப்பு என்று ஏன் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் இருக்கும் மாதுமை என்ற பிள்ளை எங்கள் பக்கத்துக்குத் தவறாமல் எழுதுவாள். ஒன்பது வயது. அவள் கேட்டிருந்தாள்: "அன்ரி, நீங்கள் என்னத்தை விடுறீங்கள்? நீங்கள் விடுறதையே நானும் விடுறன்." எனக்குச் சீனி இல்லாமல் தேநீர் இறங்காது. ஆகவே நேர்மையாக யோசித்து, இனிப்பு என்று பதில் போட்டேன்.

இரண்டு நாளில் அவளுடைய தாய் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாதுமையின் மச்சாளுக்கு, அதாவது மாமன் மகளுக்கு, பிறந்தநாள் கொண்டாட்டமாம். கேக்கைத் தொடமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக நிற்கிறாளாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் மனம் மாறுவாளாம். எனக்கு உள்ளூரப் பெருமை. அவள் முயன்று பார்க்கட்டும் என்றேன்.

"சரி அன்ரி, நீங்களும் விரதம் இருக்கிறியள்தானே. அப்ப அவளும் இருக்கட்டும்."

பனிச் சப்பாத்து

ஸ்காபரோவில் வீட்டு வாசலில் பனி வழித்துவிட்டுப் புறப்பட்டவள், முழங்கால் வரை வரும் பனிச் சப்பாத்தோடு ரியோவில் இறங்கினேன். செருப்பும் பருத்திச் சட்டைகளும் பெட்டிக்குள் இருந்தன. பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது. வெயில் எரித்தது. முதல் நாள் கடற்கரையோரம் அந்தச் சப்பாத்தோடுதான் நடந்தேன். உள்ளே கால் வெந்துகொண்டிருந்தது.

போகிற வருகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளை இந்த ஊரில் இப்படித்தான் மதிப்பார்களாக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துச் சிரித்துக் கொடுத்தேன். ஐந்தாவது ஆள் எடுத்துவிட்டுப் போனதும் சறோ என் முழங்கையைப் பிடித்தாள்.

"அவை உங்கடை முகத்தை எடுக்கேல்லை மச்சாள். காலைத்தான் எடுக்கினம்."

ஒற்றைச் செருப்பு

தெருவோரத்தில் ஒரு சோடி இறப்பர் செருப்பு வாங்கினோம். என் அளவுக்கு இருக்கவில்லை. ஒரு அளவு பெரியதை எடுத்தேன். ஞாயிறு காலை ஒரு தெரு ஊர்வலத்துக்குள் புகுந்தோம். முன்னால் கொடி, நடுவில் ஆட்டம், பின்னால் மேளக்காரர்கள். பத்து நிமிடம் நானும் கையை ஆட்டினேன் என்றே நினைக்கிறேன். அப்போது இடது செருப்பு கழன்று பின்னால் போய்விட்டது.

புத்தியுள்ளவர்கள் விட்டுவிட்டு நடந்திருப்பார்கள். நான் தெருவின் நடுவில் குனிந்து, ஒவ்வொரு காலாகப் பார்த்துத் தேடத் தொடங்கினேன். மேளக்காரர்களின் வரிசை என்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்தது. அடுத்த வரிசைக்கு அடி பிசகியது. பெரிய மேளத்தோடு வந்த ஒரு மனிதர் நின்றே விட்டார். நூறு பேருடைய தாளத்தை ஒரு செருப்புக்காகக் குழப்பினேன். அவர் என்னிடம் ஏதோ சொன்னார். சறோ கைபேசியை அவர் வாய்க்கருகில் பிடித்து, அது மொழிபெயர்த்துத் தந்ததை எனக்கு வாசித்தாள்.

"'மற்றதையும் எறிஞ்சுபோட்டு வா, அப்பதான் ஆடலாம்' எண்டு சொல்லுறார்."

வரிசை

நான் எறியவில்லை. ஒரு காலில் செருப்போடும் மறு காலைச் சுடுகிற தாரில் தூக்கித் தூக்கி வைத்தும் கழிவறை தேடிப் போனேன். ஒரு நீண்ட வரிசை தெரிந்தது. ரொறன்ரோவில் இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு வரிசையைக் கண்டால் கேள்வி வராது. கடைசியில் போய் நின்றேன். இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

வரிசையின் முடிவில் ஒரு முக்காலியும் ஒரு இளம்பெண்ணும் ஒரு பெட்டி நிறைய மினுக்கப் பொடியும் இருந்தன. முகத்துக்குப் பூசி, தலையில் ஊதா இறகு வைத்து அனுப்புகிறாள். நான் தேடி வந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு வரிசை. மெல்லத் திரும்பிப் போகப் பார்த்தேன். சறோ வழியை மறித்தாள்.

"இவ்வளவு நேரம் நிண்டுபோட்டு வேண்டாம் எண்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? குந்துங்கோ மச்சாள்."

உருண்டைகள்

இந்தப் பகுதியை எழுதத்தான் மூன்று நாள் எடுத்தது. மரநிழலில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து இளைப்பாறினோம். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர், தேனீ வேடத்தில். மடியில் ஒரு தட்டு. கெட்டியான இனிப்பு ரின்பாலையும் கொக்கோவையும் காய்ச்சி உருட்டி, மேலே சொக்லேற் மணிகள் தூவிய சின்ன உருண்டைகள். பார்த்ததும் தெரிந்தது, எங்கள் ஊர் இனிப்பான பால்ரொபியின் ஒன்றுவிட்ட சகோதரி. தட்டை என் பக்கம் நீட்டினார்.

மறந்துபோனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஞாயிறு என்பது நினைவில் இருந்தது. சிவராத்திரி என்பது நினைவில் இருந்தது. மாதுமையின் மச்சாளுடைய பிறந்தநாள் கூட நினைவில் இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: அந்த வரியை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பக்கம் எனக்காக விரதம் இருந்துகொள்ளும் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்தேன். பிறகு இரண்டு. நாலாவது வாய்க்குள் போகும்போது சறோ கைபேசியைத் தூக்கினாள்.

"விழுங்காமல் நில்லுங்கோ மச்சாள், ஒரு படம் எடுப்பம்."

நாலு நாள்

ஞாயிற்றுக்கிழமை தின்றேன். பக்கம் வியாழன் காலையில்தான் அச்சுக்குப் போகும். இடையில் நாலு நாள் இருந்தது. "அந்த வரியை எடுத்துவிடு" என்று குகனுக்கு எழுத அரை நிமிடம் போதும். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அழித்தேன். எடுத்துவிடச் சொன்னால் ஏன் என்று கேட்பான். என்னை அன்ரி என்று கூப்பிடுகிற ஒருவனிடம் நாலு உருண்டைக் கணக்கைச் சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை அவனே கேட்டான், மாற்ற ஏதும் இருக்கிறதா என்று. இல்லைத் தம்பி, எல்லாம் சரி என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"அன்ரியின்ரை பக்கத்திலை பிழை தேட ஏலுமே?"

மினுக்கம்

முகத்தில் பூசிய பொடி போகவில்லை. சவர்க்காரம் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன். காது மடலிலும் புருவத்திலும் ஒட்டியபடியே ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி மூன்று முறை என் முகத்தைப் பார்த்தார்.

சறோவின் பெட்டிக்காக நின்றபோது, சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெடியன் வேகத்தைக் குறைத்து என்னை உற்றுப் பார்த்தான். சறோ அந்தப் படத்தைத் தன் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அங்கிருந்து அது எத்தனை வீட்டுக்குப் போனது என்பது அவளுக்கும் தெரியாது.

"அன்ரி, அம்மாவின்ரை குறூப்பிலை உங்களைப் பார்த்தனான். வாய்க்குள்ளை இருக்கிறது ஒண்டோ ரெண்டோ எண்டு அங்கை இன்னும் வாக்குவாதம் நடக்குது."

வித்தியாசங்கள்

அடுத்த நாள் குகன் அலுவலகத்துக்கு வரச் சொன்னான். எங்கள் பக்கத்தில் வாராவாரம் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். பிள்ளைகளும் வரைந்து அனுப்புவார்கள். அப்படி ஒரு தாளை என் முன்னால் வைத்தான். இடது பக்கத்தில் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையிலிருந்து வெட்டிய என் வரி: போன ஞாயிற்றுக்கிழமை நானும் இனிப்பைத் தொடவில்லை. வலது பக்கத்தில் ஊதா இறகோடும் உப்பிய கன்னத்தோடும் நான். ஓரங்களை நேராக வெட்டி, பசை வெளியே வராமல் கவனமாக ஒட்டியிருந்தது.

அடியில் மாதுமையின் குண்டு எழுத்து: "வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள்." அதற்கும் கீழே, நாங்கள் போடுவது போலவே, விடை தலைகீழாக இருந்தது. தாளைத் திருப்பி வாசித்தேன். "நான் கேக் தின்னேல்லை." குகன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இதைப் போடுறதோ, விடுறதோ? நீங்கள்தான் சொல்லவேணும், அன்ரி."

எட்டாம் மாடி

ஞாயிறு பின்னேரம் டோர்செட் பார்க்கில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தாய்க்குத்தான் என்னைவிடக் கூச்சம். "ஐயோ அன்ரி, உவள் சின்னப்பிள்ளை, உதைப் பெரிசாய் எடுக்காதேங்கோ" என்று தேநீர் போடப் போனார். மாதுமை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் காதில் மிஞ்சியிருந்த மினுக்கத்தையே பார்த்தாள்.

மின்தூக்கியில் வரும்போது தப்பிக்க மூன்று சாட்டுகள் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் பெரியவர்களுக்குத்தான் சரிவரும் என்று அவளைப் பார்த்ததும் தெரிந்தது.

"நான் திண்டனான்" என்றேன்.

"தெரியும்."

"மறந்துபோய்த் தின்னேல்லை."

அவள் பென்சிலை வைத்தாள். "அப்ப ஏன் அப்பிடி எழுதினீங்கள்?"

"போறதுக்கு முதலே எழுதிக் குடுத்திட்டன், பிள்ளை."

"பட் அன்ரி, முதலே எழுதினால் அப்பிடியே செய்யவேணும்தானே?"

இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி எவரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அவள் தொடர்ந்தாள். "அவை கேக் வெட்டேக்கைதான் அம்மாவின்ரை ஃபோனிலை உங்கடை படம் வந்தது. அம்மா சொன்னா, இனி நீயும் தின்னலாம் எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"நோ எண்டு சொன்னன். நான் உங்களுக்கு ப்ராமிஸ் பண்ணினனான்."

தாய் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சீனி போட்டிருந்தார். குடிக்கவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் பத்திரிகையில் எழுதப்போகிறேன், இந்த முறை நடந்து முடிந்த பிறகு எழுதுகிறேன் என்று மாதுமையிடம் சொன்னேன். எழுத்தோடு ஒரு படமும் வேண்டும். சறோ எடுத்ததில் இரண்டைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் நான் கடலுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன், இறகு நேராக இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது, கால் தெரியவில்லை. மற்றது வாய் நிறைய இனிப்போடு, உங்களுக்குத் தெரியும். இரண்டையும் அவளுடைய வீட்டுப்பாடக் கொப்பிக்கு மேல் வைத்து, எதைப் போடுவது என்று கேட்டேன்.

இத்தனை வருடம் விடைகளையெல்லாம் தலைகீழாகவே அச்சிட்டுப் பழகிய நான், ஒன்றையாவது நேராகப் போடுவதற்கு எட்டு மாடி ஏறி ஒரு வாசகியிடம் உத்தரவு கேட்க வேண்டி வந்தது.

மாதுமை இரண்டாவது படத்தை எடுத்தாள்.