கணக்கில் எனக்கு வேலை இருக்கிறது

இன்று சங்ககிரியிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை.

அவர்தான் ஆரம்பித்தார். "ரோடு, பாலம்னு கவர்மென்ட் பணத்தக் கொட்டுச்சுங்க. வேலையில்லாதவங்க கொறைவாங்கன்னாங்க. சொன்ன மாதிரியே கொறஞ்சு போச்சுன்னு இப்பக் கணக்கு வந்திருக்குதுங்க."

வேலை தேடி அலைந்துவிட்டு வந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கூருப் பாலத்த மெஷினுதானுங்க கட்டுச்சு. உள்ளூர்ல நாலு பேருக்குக்கூட வேலை கெடைக்கலீங்க" என்றேன்.

"ஊடு ஊடாப் போயிக் கேட்டு எழுதுன கணக்குங்க இது. அத உட்டுப்போட்டு நீங்க சொல்றத நம்பச் சொல்றீங்களா?"



யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போன மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனால் கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பெண் கொடுத்தவர் எதிரில் சும்மா இருக்கிறேன் என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்?

"பட்டறைல வெல்டிங் வேலைங்க" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது யாரைத் திட்டுவது? நான் சொல்வதை நம்பமாட்டேன் என்ற மனிதர், நான் சொன்னதை நம்பித்தான் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தபோது, கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?