ஏழாம் பாரம்

புத்தகம் கட்டும் பட்டறையில் அவளுக்கு 'மெஷின்' என்று பேர். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்துப் பதினாறு பக்கப் பாரமாக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மடிக்கிறவர்களுக்குப் படிக்க நேரம் ஏது? ஆனால் இந்த முறை மெஷின் படித்துத் தொலைத்தாள்.

சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதைதான்: அழகான பெண், மாற்றாந்தாய், விஷப் பழம். எழுதிய புண்ணியவான் அதைத் திகில் கதையாக்கி, யார் கெட்டவர் என்று சொல்லாமலே இழுத்தடித்திருந்தார். சித்தி பழத்தட்டோடு கதவருகே வந்து நிற்கிறாள். அத்தோடு ஏழாம் பாரம் முடிகிறது. எட்டாம் பாரம் இன்னும் அச்சாகி வரவில்லை.

"என்னடி மெஷின், கரன்ட் போயிடுச்சா?" என்றாள் பக்கத்தில் தைக்கிற அக்கா.

மெஷினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியை இழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு அவளுக்குச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அவருடைய மகள் இதுவரை இவள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. அப்பா எடுத்து வைத்தால்தான் உண்டு. அந்த அப்பா இன்று லாரியோடு வெளியூர் போய்விட்டார். பிள்ளை பட்டினி கிடக்குமோ என்று காலையிலிருந்தே அவளுக்குப் பயம்.

கிழிந்துபோனதென்று கழித்துப் போட்ட ஏழாம் பாரம் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமைத்து வைத்தாள். சிறுமி, "பசிக்கல" என்று எழுந்து போய்விட்டாள். சரி, பழமாவது தின்னட்டும் என்று ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்து எடுத்துப் போனாள்.

சிறுமி கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்த பாரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம். நிமிர்ந்து தட்டைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். இவள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மிச்சம் எங்க?"

"இன்னும் அச்சாகல."

"அவ விஷம் வச்சிருப்பாளா?"

"தெரியலம்மா. நானும் காலையிலேருந்து அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

சிறுமி பாரத்தை மூடி வைத்தாள். பிறகு, "முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

சுருக்கென்றது. இருந்தாலும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். பாதி கடித்திருப்பாள், சிறுமி கையை நீட்டி மிச்சத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அது நம்பிக்கையா, ஜாக்கிரதையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த துண்டை எடுத்து நீட்டினாள். சிறுமி அதைத் தொடவில்லை.

"கடிச்சுக் குடுங்க" என்றாள்.